ஆறு தடவை

சாஸ்கட்டூன். ஜனவரி. காலை நாலே முக்கால்.
மைனஸ் முப்பத்தொன்று என்கிறது கைபேசி.
உருளைக்கிழங்குக் கிடங்கின் பின்முற்றத்தில்
ஊறுகாய் வாளிகள் நான்கைக் கவிழ்த்து வைக்கிறேன்.
இதுதான் வாசல்.
ஐம்பத்து மூன்று அடி வெற்று ட்ரெய்லரை
இதற்குள் பின்னால் விட வேண்டும்,
ஆறு மணிச் சங்கு ஊதுமுன்.

முன்னால் ஓட்டப் பழகிவிடலாம்.
பின்னால் போவது வேறு பாஷை:
வலம் போக இடம் திருப்பு,
இடம் போக வலம்.
நாற்பத்தாறு வயதில்
கைகளுக்கு மறுபடி அரிச்சுவடி.

இரண்டு முறை தேர்வில் தோற்றேன்.
முதல் முறை கூம்பு ஒன்று
சக்கரத்தடியில் அப்பளமானது.
இரண்டாம் முறை எதையும் இடிக்கவில்லை,
எங்கேயும் போய்ச் சேரவும் இல்லை.
தேர்வாளர் பேனாவை மூடிய சத்தம்
இரண்டு கிழமை காதுக்குள் இருந்தது.

அதற்குப் பிறகுதான் இந்தக் கணக்கு.
நாளொன்றுக்கு ஆறு தடவை.
நன்றாக வந்தாலும் ஆறு,
வாளி நசுங்கினாலும் ஆறு.
ஆத்திரத்தில் ஏழாவது போன ஒரே நாளில்
வேலிக் கம்பம் சாய்ந்தது;
சம்பளத்தில் நூற்று நாற்பது டொலரும் சாய்ந்தது.

ஃபோர்க்லிஃப்ட் ரொமெல்
கோப்பியோடு கதவருகே நின்று கத்துவான்:
"கண்ணாடி, மலர், கண்ணாடி!"
கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்,
மாதக் கணக்காக.
அதில் தெரிந்ததெல்லாம்
நடந்து முடிந்த பிழை.

பெப்ரவரியில் ஒரு நாள்.
இரவு முழுக்கக் கொட்டி ஓய்ந்திருந்தது பனி.
மூன்றாம் தடவையும் வாளி உருண்டது.
பல்லைக் கடித்தபடி இறங்கினேன், அதை நிமிர்த்த.
முற்றத்து மஞ்சள் விளக்கின் கீழ்
என் கையெழுத்து கிடந்தது.

முன்னும் பின்னுமாய்ப் போன தடங்களுக்குள்
மூன்று கோடுகள்.
மூன்றும் ஒரே இடத்தில் கோணல்.
அது நான் பதறுகிற இடமல்ல.
வாளிக்கு நாற்பது அடி தள்ளி,
எல்லாம் சரியாய்ப் போகிறதென்று
நிம்மதியாய் மூச்சு விடுகிற இடம்.
வண்டி நேராகி முடியுமுன்னே
கை திருப்பத் தொடங்கியிருக்கிறது.

குந்தியிருந்து, கையுறை கழற்றி அளந்தேன்.
ஒரு சாண், நாலு விரல்.
அவ்வளவுதான் என் அவசரத்தின் நீளம்.
விரல்கள் விறைத்துப்போயின.
ரொமெல் உள்ளே போய்விட்டிருந்தான்.

நாலாம் தடவை,
கை துடித்த இடத்தில் பேசாமல் இருந்தேன்.
இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.
பிறகு திருப்பினேன்.
சொந்த வீட்டுக்காரி போல
வாளிகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்தது ட்ரெய்லர்.

ஐந்தாவதில் மறுபடி இடித்தேன்.
ஆறாவது சுமார்.

அன்றிரவு சமைத்துக்கொண்டே யோசித்தேன்:
வேறு எதையெல்லாம்
இடித்த இடத்திலேயே நின்று
திருத்திக்கொண்டிருக்கிறேன்?
மகனோடு பேசாமல் போன பதினொரு நாள்,
அது தொடங்கியது
அவன் கதவை அறைந்த அன்றுதானா?
வெங்காயம் கருகியது.
ஜன்னலைத் திறந்து புகையை விரட்டினேன்.
அவனுடைய அறையில் விளக்கு எரிந்தது.

ஏப்ரலில் உரிமம் கிடைத்தது.
தேர்வாளர் அதே ஆள், பேனாவும் அதே.

இப்போது பிரின்ஸ் ஆல்பர்ட்டில், நள்ளிரவில்,
குறுகிய ஓர் இறக்குமேடை.
எனக்குப் பின்னால் மூன்று லாரிகள் காத்து நிற்கின்றன.
ஒருவன் ஹாரனை அழுத்துகிறான்,
இன்னொருவன் சிரிக்கிறான் என்று நினைக்கிறேன்.
பனி கரைந்துவிட்டது.
தார்த் தரை எதையும் எழுதி வைப்பதில்லை.

அழுத்தட்டும்.
பிரேக்கைப் போட்டு, கதவைத் திறந்து இறங்கி
நாற்பது அடி நடக்கிறேன்.